கார்டன் ரீச் நவாப் முற்றம்: கல்லுக்குச் சட்டம், குடியிருப்புக்கு என்ன?

கொல்கத்தா: லக்னோ நகரின் மையமான ஹஸ்ரத்கஞ்சில் சிப்தைனாபாத் இமாம்பாரா என்ற கட்டடம் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தாவின் தென்மேற்கு விளிம்பில், ஹூக்ளி நதிக்கரையில் உள்ள கார்டன் ரீச்சிலும் அதே பெயரில் ஓர் இமாம்பாரா இருக்கிறது. முன்னதில் அடக்கமாகியிருப்பவர் தந்தை. பின்னதில் அடக்கமாகியிருப்பவர் மகன். தந்தை அம்ஜத் அலி ஷா, அவத் நாட்டின் மன்னராகவே 1847-இல் இறந்தவர். மகன் வாஜித் அலி ஷா, அரசை இழந்து, 31 ஆண்டுகள் அந்நிய மண்ணில் வாழ்ந்து, 1887-இல் இறந்தவர்.

லக்னோவில் உள்ள கட்டடம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கார்டன் ரீச் கட்டடம் அப்பட்டியலில் இல்லை. இது ஓர் ஓரவஞ்சனை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால், கார்டன் ரீச்சின் நெரிசலான தெருக்களில் நடந்து அந்த இமாம்பாராவின் வாயிலை அடைபவர்களுக்கு வேறொரு கேள்வி எழும். அந்தப் பட்டியலில் சேர்ப்பது இங்குள்ள மக்களுக்கு நன்மையா, தீமையா என்பதே அது. நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டமும், இரு நூற்றாண்டு வரலாறும், பல ஆயிரம் தையற்காரர்களின் பிழைப்பும் சந்திக்கும் இடமாக அந்த முற்றம் இன்று நிற்கிறது.

மண் கோபுரம்: ஆறு வளைந்து வளைந்து செல்லும்போது, இரு வளைவுகளுக்கு இடையில் நேராக ஓடும் பகுதியை ஆங்கில மாலுமிகள் "ரீச்" என்று அழைத்தனர். ஹூக்ளியின் அத்தகைய ஒரு பகுதியில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் தோட்ட மாளிகைகளைக் கட்டினர். அதனால் கார்டன் ரீச் என்ற பெயர் நிலைத்தது. ஆசியவியல் கழகத்தை 1784-இல் நிறுவிய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் இங்குதான் குடியிருந்தார். எதிர்க்கரையில் 1787-இல் தொடங்கப்பட்ட சிப்பூர் தாவரவியல் பூங்காவும், அதன் புகழ்பெற்ற ஆலமரமும் இன்றும் உள்ளன.

ஆனால், ஊர் மக்கள் வாயில் இப்பகுதிக்கு வழங்கும் பெயர் மேட்டியாபுருஸ். "மட்டியா புர்ஜ்", அதாவது மண் கோபுரம் என்பதன் திரிபு இது. ஆற்றைக் காவல் காக்க இங்கு ஒரு மண் கோட்டை இருந்தது. அந்தக் கோட்டையின் வீழ்ச்சியில் சென்னைக்கும் பங்கு உண்டு. வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் கல்கத்தாவை இழந்த கம்பெனி, அதை மீட்க 1756 அக்டோபரில் ராபர்ட் கிளைவையும் கடற்படைத் தளபதி வாட்சனையும் சென்னையிலிருந்துதான் அனுப்பியது. அவர்களுடன் சென்றவர்களில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தனர். 1757 ஜனவரி முதல் நாள் ஆற்றங்கரைக் கோட்டைகள் எதிர்ப்பின்றி வீழ்ந்தன. மறுநாள் கல்கத்தா கைமாறியது. அதே ஆண்டு ஜூன் 23-இல் பிளாசிப் போர். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணம், 99 ஆண்டுகளுக்குப் பின் லக்னோ அரியணை வரை சென்று முடிந்தது எனலாம்.

கையெழுத்திட மறுத்த மன்னர்: 1856 பிப்ரவரியில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் ஆணையுடன் ரெசிடென்ட் ஜேம்ஸ் ஔட்ராம், வாஜித் அலி ஷாவிடம் ஒரு புதிய ஒப்பந்தத்தை நீட்டினார். ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தால் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் என்பது அதன் சாரம். மன்னர் தம் தலைப்பாகையைக் கழற்றி ஔட்ராமின் கையில் கொடுத்தார், கையெழுத்திட மறுத்துவிட்டார். பிப்ரவரி 7-இல் அவத் இணைக்கப்பட்டது.

நிர்வாகச் சீர்கேடு என்பதே கம்பெனி சொன்ன காரணம். வாஜித் அலி ஷா நாட்டியத்திலும் இசையிலும் மூழ்கியவர் என்ற சித்திரம் அப்போது லண்டன் வரை பரப்பப்பட்டது. அவர் தும்ரி இசையையும் கதக் நடனத்தையும் வளர்த்தவர், நூல்கள் எழுதியவர் என்பதெல்லாம் உண்மையே. ஆனால், அது ஆட்சியைப் பறிக்கும் அளவுக்குக் குற்றமா என்ற கேள்வியைப் பின்னாளில் சத்யஜித் ராய், பிரேம்சந்தின் கதையைத் தழுவி 1977-இல் எடுத்த "சத்ரஞ்ச் கே கிலாடி" திரைப்படம் எழுப்பியது. "ஷோலே"யின் கொள்ளையன் கப்பர் சிங்காக அறியப்பட்ட அம்ஜத் கான்தான் அதில் அரசிழந்த மன்னராக நடித்தார்.

டல்ஹௌசியின் காலம் தமிழகத்துக்கும் புதியதல்ல. 1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் அவ்வரசு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஆற்காடு நவாப் குலாம் கௌஸ் கான் மறைந்ததும் கர்நாடக நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டு, சேப்பாக்கம் அரண்மனை அரசின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு அவத்தின் முறை வந்தது.

"பணிவுடன்" என்ற சொல் இல்லாத மனு: வாஜித் அலி ஷா மனு கொடுத்து நீதி பெறலாம் என்று நம்பினார். லண்டன் செல்லும் எண்ணத்துடன் 1856 மே மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய தாயார் மலிகா கிஷ்வர், மன்னரின் தம்பியையும் மகனையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். திரைக்குள் வாழ்ந்த ஒரு மூதாட்டி, பறிக்கப்பட்ட நாட்டுக்காகக் கடல் கடந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியது அக்காலத்தில் எளிய செயலல்ல.

அதற்குள் 1857 புரட்சி வெடித்துவிட்டது. லக்னோவில் தங்கிவிட்ட பேகம் ஹஸ்ரத் மஹல், தம் மகன் பிர்ஜிஸ் கத்ரை அரியணையில் அமர்த்திப் போருக்குத் தலைமை தாங்கினார். கல்கத்தாவில் இருந்த வாஜித் அலி ஷாவைச் சந்தேகத்தின் பேரில் வில்லியம் கோட்டையில் அடைத்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல், 1859 வரை அவர் அங்கேயே கைதியாக இருந்தார். லண்டனில் பிரபுக்கள் சபையில் தாக்கல் செய்யப்பட்ட அவத் குடும்பத்தின் மனு, "பணிவுடன்" என்ற வழக்கமான சொல் அதில் இல்லை என்ற நடைமுறைக் காரணத்தால் ஏற்கப்படவில்லை. ஒரு நாடே பறிபோன வழக்கு, ஒரு சொல் இல்லாததால் விசாரணைக்கே வராமல் போனது. நாடாளுமன்ற நடைமுறைகளை அறிந்தவர்கள் இதைப் படித்து வியப்படைய மாட்டார்கள், வருத்தப்படுவார்கள்.

மலிகா கிஷ்வர் நாடு திரும்பவில்லை. 1858 ஜனவரியில் பாரிஸில் இறந்து, அங்குள்ள பெர் லஷேஸ் கல்லறையில் புதைக்கப்பட்டார். மன்னரின் தம்பியும் அதே ஆண்டு லண்டனில் இறந்தார். நேபாளத்தில் அடைக்கலம் புகுந்த பேகம் ஹஸ்ரத் மஹல் 1879-இல் காத்மாண்டுவில் மறைந்தார். ஒரே குடும்பத்தின் கல்லறைகள் லக்னோ, பாரிஸ், காத்மாண்டு, கல்கத்தா என்று சிதறின.

இரண்டாவது லக்னோ: சிறையிலிருந்து வெளிவந்த மன்னர் கார்டன் ரீச்சிலேயே தங்கினார். முன்பு மறுத்த ஓய்வூதியத்தை வேறு வழியின்றி ஏற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு, இழந்த ஊரை இங்கு மீண்டும் கட்டத் தொடங்கினார். சுல்தான் கானா, அசத் மன்ஸில், முரஸ்ஸா மன்ஸில் என்று மாளிகைகள் எழுந்தன. மசூதிகளும் இமாம்பாராக்களும் எழுந்தன. விலங்குக் காட்சிச் சாலை ஒன்றும், பாம்புகளுக்கெனத் தனியே ஒரு செயற்கைக் குன்றும் அமைந்தன. லக்னோவிலிருந்து இசைக் கலைஞர்கள், நடனக் கலைஞர்கள், சமையற்காரர்கள், தையற்காரர்கள், பட்டம் செய்பவர்கள் எனப் பெருங்கூட்டம் வந்து குடியேறியது. இங்கு சிறுவயதைக் கழித்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர், பின்னாளில் லக்னோவைப் பற்றி எழுதிய நூலில், மேட்டியாபுருஸ் எப்படி இன்னொரு லக்னோவாகவே விளங்கியது என்பதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இடம்பெற்றது இந்த நவாபின் சமையலறையில்தான் என்று அந்நகர மக்கள் சொல்வதுண்டு. வறுமையால் இறைச்சிக்குப் பதில் போட்டது என்பார் சிலர். அன்று புதுமையாக இருந்த காய் என்பதால் போட்டது என்பார் சிலர். எது எப்படியாயினும், மன்னர் கொண்டுவந்தவற்றில் மிக எளிதாக ஊரெங்கும் பரவியது அதுவே.

முற்றத்தில் நிற்கும் கட்டடம்: இந்த இரண்டாவது லக்னோவில் மிஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானது 1864-இல் எழுந்த சிப்தைனாபாத் இமாம்பாரா. ஷியா முஸ்லிம்கள் முஹர்ரம் மாதத்தில், கர்பலாவில் உயிர்நீத்த இமாம் ஹுசைனை நினைத்துத் துக்கம் அனுசரிக்கக் கூடும் மண்டபமே இமாம்பாரா. நபிகள் நாயகத்தின் இரு பேரர்களான ஹசன், ஹுசைன் ஆகியோரைக் குறிக்கும் சொல் சிப்தைன்.

கடைகள் நெருக்கியடிக்கும் சாலையை ஒட்டி உயர்ந்த வாயில் நிற்கிறது. அதில் அவத் அரச இலச்சினை. அவத் அரசின் சின்னம் மீன். இன்றைய உத்தரப் பிரதேச அரசின் இலச்சினையிலும் இரண்டு மீன்கள் உள்ளதற்கு அதுவே காரணம். பாண்டியரின் இரட்டைக் கயல் பழகிய தமிழர்களுக்கு அந்தச் சின்னம் அந்நியமாகத் தோன்றாது. வாயிலைக் கடந்தால் திறந்த முற்றம். வெளியே வண்டிகளின் இரைச்சல். உள்ளே திடீரென ஓர் அமைதி. முற்றத்தின் மறுபுறம் வெண்ணிற மண்டபம். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சலவைக்கல் தரை, விதானத்திலிருந்து தொங்கும் சரவிளக்குகள், முஹர்ரம் ஊர்வலங்களில் எடுத்துச் செல்லும் கொடிச் சின்னங்கள். ஒரு பக்கத்தில் வாஜித் அலி ஷாவின் அடக்கத்தலம். புரட்சிக் காலத்தில் லக்னோ அரியணையில் அமர்த்தப்பட்ட பிர்ஜிஸ் கத்ரும் நாடு திரும்பிய பின் 1893-இல் கல்கத்தாவில் இறந்து இங்கேயே அடக்கமானார்.

கட்டடக் கலை நோக்கில் இது லக்னோவின் பெரிய இமாம்பாராவுக்கு ஈடாகாது. அளவில் சிறியது, ஆடம்பரம் குறைந்தது. ஆயினும் இதன் சிறப்பு வேறு. வெற்றி பெற்ற மன்னர்கள் எழுப்பிய நினைவுச் சின்னங்கள் நம் நாட்டில் ஏராளம். தோற்றுப்போன ஒரு மன்னர், தாம் இழந்த ஊரில் உள்ள மண்டபத்தின் பெயரையே சூட்டி, தமக்குக் கல்லறையாகப்போகும் ஒரு மண்டபத்தை எழுப்பியது அரிது. லக்னோவில் தந்தையின் கல்லறை மண்டபத்தைக் கட்டி முடித்தவரும் இவரே. அங்கே திரும்பிப் போக முடியாது என்று தெரிந்த பிறகுதான் அதே பெயரை இங்கு வைத்திருக்க வேண்டும்.

நாடு கடத்தப்பட்டவர்களின் கரை: வேலூர்க் கோட்டையை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் முன்னோடிகள் நினைவுக்கு வருவார்கள். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் அவரது குடும்பத்தை வேலூர்க் கோட்டையில்தான் வைத்தனர். 1806 ஜூலை 10-இல் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நடந்ததும், அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். திப்புவின் மகன் குலாம் முஹம்மது 1842-இல் கட்டிய மசூதி இன்றும் அந்நகரின் தர்மதலா சந்திப்பில் நிற்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832-இல் இறந்தார். அரியணை இழந்தவர்களைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் நடுவது பிரிட்டிஷ் ஆட்சியின் பழக்கமாகவே இருந்தது.

மன்னர்கள் மட்டுமல்ல. மன்னர் லக்னோவை இங்கு கட்டிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே கரையில் இருந்த கூலி முகாம்களிலிருந்து ஏழைகள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தனர். மொரீஷியஸ், பிரிட்டிஷ் கயானா, டிரினிடாட், சூரினாம், பிஜி என்று ஒப்பந்தக் கூலிகளாக அவர்கள் சென்றனர். 1873 பிப்ரவரி 26-இல் இங்கிருந்து புறப்பட்ட "லல்லா ரூக்" கப்பல், ஜூன் 5-இல் சூரினாம் சேர்ந்தது. 2015-இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், கையில் சிறு மூட்டையுடன் நிற்கும் ஓர் ஆணும் பெண்ணுமாக அமைந்த "மாய்-பாப்" நினைவுச் சின்னத்தைச் சூரினாம் படித்துறையில் திறந்து வைத்தார். 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து "ட்ரூரோ" கப்பலில் நேட்டால் சென்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு, அந்தச் சிலைகளின் முகம் தங்கள் முன்னோரின் முகமாகவே தெரியும்.

மன்னர் இறந்த பின்: 1887 செப்டம்பர் 21-இல் வாஜித் அலி ஷா மறைந்ததும், அந்த இரண்டாவது லக்னோ விரைவிலேயே கலைந்தது. உடைமைகள் ஏலம் போயின. மாளிகைகள் கைமாறின, இடிக்கப்பட்டன. ஓய்வூதியம் வாரிசுகளிடையே துண்டு துண்டாகப் பிரிந்தது. ஆற்றங்கரையைத் தொழில் எடுத்துக்கொண்டது. 1890-களில் கிடர்ப்பூர்த் துறைமுகம் வந்தது. பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தலைமையகம் கார்டன் ரீச்சுக்கு வந்தது. இன்று அது தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். நவாபின் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஆற்றோர மாளிகை ஒன்று இன்றும் அந்த ரயில்வேயின் வசம் உள்ளது. இந்த ரயில்வேயின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்திய வி.வி.கிரி, பின்னர் 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவையிலும், 1969-இல் குடியரசுத் தலைவர் மாளிகையிலும் இடம்பெற்றார்.

1884-இல் சிறு படகுப் பட்டறையாகத் தொடங்கியது இன்றைய கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம். 1960-இல் மத்திய அரசு அதனை வாங்கியது. சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான "ஐ.என்.எஸ். அஜய்" 1961-இல் இங்கிருந்துதான் கடற்படைக்குச் சென்றது. 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்த "ஐ.என்.எஸ். அர்ணாலா" இந்நிறுவனத்தின் கப்பலே, ஆனால் அது கட்டப்பட்டு நீரில் இறங்கியது சென்னையை அடுத்த காட்டுப்பள்ளித் தளத்தில். நாட்டின் பாதுகாப்பு குறித்த விவாதங்களில் கார்டன் ரீச் என்ற பெயர் மக்களவையில் அடிக்கடி ஒலிப்பது இதனால்தான். அந்தப் பெயருக்குரிய ஊரில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது அவ்வளவாக ஒலிப்பதில்லை.

ஊசியும் நூலும்: ஆற்றங்கரை போன பிறகு மக்களுக்கு மிஞ்சியது உள்பகுதித் தெருக்கள். அங்கு தையல் தொழில் வளர்ந்தது. "ஓஸ்தாகர்" எனப்படும் தையல் முதலாளிகள் துணியை வாங்கி வெட்டிக் கொடுக்க, வீடுகளிலும் சிறு கூடங்களிலும் அது சட்டையாகவும் பாவாடையாகவும் குழந்தைகள் உடையாகவும் மாறுகிறது. வாரச் சந்தைகளில் பல மாநில வியாபாரிகள் வந்து மொத்தமாக வாங்கிச் செல்கின்றனர். ஈரோட்டு ஜவுளிச் சந்தையின் பரபரப்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நவாபுடன் வந்த தையற்காரர்களின் வழித்தொழில் இது என்பது இங்கு வழங்கும் மரபு.

தொழில் வளர வளர, நிலம் வளரவில்லை. 1984-இல் கார்டன் ரீச் கொல்கத்தா மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கீழே பட்டறை, மேலே வீடு என்ற தேவைக்கு ஏற்ற மனைகள் இல்லை. அனுமதி பெற்றுக் கட்டும் வசதி பலருக்கு இல்லை. எனவே குறுகிய சந்துகளில் அனுமதியின்றி மாடிகள் எழுந்தன. 2024 மார்ச் 17 நள்ளிரவில், கட்டுமானத்தில் இருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்துக் குடிசைகளின் மீது சரிந்தது. ரம்ஜான் மாதத்தில், உறங்கிக் கொண்டிருந்தவர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது அனுமதி பெறாத கட்டடம் என்பதை அன்றைய மேயரும், அப்பகுதியை உள்ளடக்கிய கொல்கத்தா துறைமுகம் தொகுதியின் உறுப்பினருமான ஃபிர்ஹாத் ஹக்கீமே ஒப்புக்கொண்டார். அன்று முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி நேரில் வந்தார். மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வெளியான மறுநாள் என்பதால் அரசியல் வாதங்களுக்குக் குறைவில்லை.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதைத் தமிழகம் மறந்திருக்க முடியாது. அங்கு அனுமதி இருந்தது; இங்கு இல்லை. இறந்தவர்கள் இரண்டு இடத்திலும் உழைப்பாளிகளே.

நூறு மீட்டர்: இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் நவாபின் முற்றம் நிற்கிறது. அதை மத்தியப் பட்டியலில் சேர்த்தால் என்ன நடக்கும்? 1958-ஆம் ஆண்டின் தொன்மை நினைவுச் சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்கு, உரிய அனுமதியின்றி எதுவும் கட்டக் கூடாது. பழுது பார்ப்பதற்கும் அனுமதி தேவை.

தில்லியின் அகன்ற புல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் கல்லறைகளுக்கு இந்த விதி பொருந்தும். சுவரோடு சுவர் ஒட்டிய மேட்டியாபுருஸில் 100 மீட்டர் என்றால் பல சந்துகள், பல பட்டறைகள், பல குடும்பங்கள். விதி வந்தால் பாதுகாப்பான வீட்டைச் சட்டப்படி கட்டவும் முடியாது. விதி இல்லாவிட்டால் இமாம்பாராவின் மதிலை ஒட்டி எத்தனை மாடி வேண்டுமானாலும் எழும். மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலும், 2001-இல் சட்டமியற்றி அமைக்கப்பட்ட மாநிலப் பாரம்பரிய ஆணையமும் இருக்கின்றன. ஆனால் மத்தியச் சட்டத்தின் வலு அவற்றுக்கு இல்லை.

இந்தச் சிக்கல் நாடாளுமன்றத்துக்குப் புதிதல்ல. பொதுப்பணிகளுக்காக விதியைத் தளர்த்தும் மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2019-இல் 16-ஆவது மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. 2023-இல் சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, எல்லாச் சின்னங்களுக்கும் ஒரே அளவுகோல் என்ற முறையை மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அக்குழு எடுத்துக்காட்டிய இடங்களுள் ஒன்று தமிழகத்தின் கழுகுமலை. குன்றின் மேல் உள்ள வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் குன்றின் அடியில் வாழும் மக்கள் வீட்டைப் பழுது பார்க்கவும் அல்லல்படும் நிலை சரியல்ல என்பது குழுவின் வாதம். கழுகுமலைக்குச் சொன்ன நியாயம் கார்டன் ரீச்சுக்கும் பொருந்தும்.

மறுபக்கமும் உண்டு. மத்தியத் தணிக்கைத் துறை 2013-இல் அளித்த அறிக்கையில், நேரில் ஆய்வு செய்த 1,655 சின்னங்களில் 92 காணப்படவில்லை என்றது. பின்னர் அவற்றுள் 42 கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய 50-இல் 14 சின்னங்கள் நகர வளர்ச்சிக்குப் பலியானவை என்று அரசே நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. பட்டியலில் இருந்தவற்றுக்கே இந்த நிலை என்றால், பட்டியலிலேயே இல்லாதவற்றின் கதி என்ன? விதியை முற்றிலும் தளர்த்தச் சொல்பவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

எது வழி?: ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலுக்கேற்பத் தனித் துணை விதிகள் வகுக்க 2010 திருத்தமே இடம் தருகிறது. அதற்கென்றே தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையமும் அமைக்கப்பட்டது. நவாபின் முற்றத்துக்கு வேண்டியது ஒரே அளவான 100 மீட்டர் கோடு அல்ல. எந்தச் சந்தில் எத்தனை மாடி, எந்தப் பட்டறைக்கு எவ்வளவு உயரம், இமாம்பாராவின் வாயில் சாலையிலிருந்து தெரிய எவ்வளவு இடைவெளி என்று தெருத் தெருவாக வரையும் திட்டம். அது கட்டடத்தைக் காக்கும். அதைவிட முக்கியமாக, அடுத்த சரிவிலிருந்து குடியிருப்பையும் காக்கும். அதற்குத் தேவையானது மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சி, இமாம்பாராவைப் பேணும் அறக்கட்டளை ஆகியவை ஒரே மேசையில் அமர்வது. தில்லியும் கொல்கத்தாவும் ஒரே மேசையில் அமர்வது அண்மைக் காலத்தில் எவ்வளவு அரிதாக இருந்தது என்பது வாசகர்கள் அறிந்ததே.

முடியாத காரியம் இல்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீயில் எரிந்தது. இடித்துத் தள்ளிவிட்டுப் புதுக் கட்டடம் கட்டுவது எளிது. ஆனால் அதைச் சீரமைத்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இயங்கத் தொடங்கியது. பட்டம் பறிக்கப்பட்ட ஒரு நவாபின் மாளிகையில் மக்கள் வழக்குத் தொடுத்து நீதி கேட்கிறார்கள். பழைய கட்டடத்தைக் காப்பது என்றால் அதைப் பூட்டி வைப்பது அல்ல, பயன்பாட்டில் வைப்பது என்பதற்கு இது சான்று.

கார்டன் ரீச் இமாம்பாரா இன்றும் பயன்பாட்டில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் முஹர்ரம் மாதத்தில் முற்றம் நிரம்புகிறது. கர்பலாவில் வீழ்ந்தவர்களுக்காக அழும் குரல்களுக்கு நடுவே, அவத்தை இழந்தவரும் அமைதியாக உறங்குகிறார். கார்டன் ரீச் என்றால் 2013-இல் கல்லூரித் தேர்தல் மோதலில் காவல் துறை உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம், 2024-இல் கட்டடம் சரிந்த இடம் என்று மட்டுமே நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவ்வூருக்கு அதைவிட நீண்ட நினைவு உண்டு.

ஒரு சொல் குறைந்ததால் லண்டனில் ஏற்கப்படாமல் போன மனு அது. அந்த மனுவைக் கொடுத்த குடும்பத்தின் கல்லறை வாசலில் இன்று இன்னொரு மனு காத்திருக்கிறது. வீடும் வேண்டும், வரலாறும் வேண்டும் என்பதே அந்த மனு. இம்முறை அதை ஏற்கவோ தள்ளவோ வேண்டியது நம் நாடாளுமன்றம்.